ராஸ் அல் கைமாவில் விசா முடித்த நாட்கள்

திங்கள், காலை ஏழு மணி.

அன்று கோர் குவைரில் கடலும் இல்லை, மலையும் இல்லை. இரண்டையும் மூடுபனி எடுத்துக்கொண்டிருந்தது. ராஸ் அல் கைமா எமிரேட்டின் வடகோடியில், ஓமான் எல்லைக்குச் சற்று முன்னால், மலை கடலை நெருங்கி வந்து நின்றுவிட்ட இடம் இது. நடுவே கிடைத்த ஒடுங்கிய நிலத்தில்தான் சிமென்ட் ஆலைகள், துறைமுகம், தொழிலாளர் கேம்ப், எங்கள் குவார்ட்டர்ஸ் எல்லாம். குளிர்காலத்தில் சில நாட்கள் விடியும்போது இவை எதுவும் இருக்காது. சுண்ணாம்புக்கல்லைச் சுமந்து துறைமுகத்துக்குப் போகும் பெல்ட்டின் ஓசை மட்டும் தலைக்கு மேலே எங்கிருந்தோ வந்து எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

இங்கே ஓர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தேன். அறுபது வயது முடிந்துவிட்டது. எனக்குப் பதிலாக ராஜ்கோட்டிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்து, என் நாற்காலியின் உயரத்தையும் மாற்றிக்கொண்டுவிட்டார். என் மனைவி வசந்தி போன வருடமே திருச்சிக்குப் போய் உறையூரில் நாங்கள் வாங்கியிருந்த வீட்டில் குடியேறிவிட்டாள். மீதி இருந்தது நானும் மகள் யாழினியும்தான்.

வளைகுடாவை விட்டுக் கிளம்ப ஒரு டிக்கெட் போதும் என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே வரும்போது இருந்ததுபோலவே வெளியே போவதற்கும் ஒரு வரிசை உண்டு. மனைவி, பிள்ளைகளின் விசா நம் பொறுப்பில் இருக்கும். முதலில் அவர்களுடையதை ரத்து செய்ய வேண்டும், அல்லது வேறொருவர் பொறுப்புக்கு மாற்றிவிட வேண்டும். அதன் பிறகுதான் நம்முடையது. நம்முடையதும் முடிந்து அடையாள அட்டையை ஒப்படைத்த பிறகு கொஞ்ச காலம் தவணை கொடுப்பார்கள். அதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

யாழினிக்கு இருபத்து மூன்று வயது. ராஸ் அல் கைமா நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள். துபாயில் தோட்டங்கள் வடிவமைத்துத் தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அவர்கள் அவளுக்கு விசா எடுத்ததும் என் பொறுப்பிலிருந்து அவளை விடுவிப்பது, மறுநாள் என்னுடையதை முடிப்பது, அந்த வார இறுதியில் விமானம் ஏறுவது. இதுதான் திட்டம். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. அன்று அவளுக்கு விசா வந்துவிடும் என்று நம்பித்தான் கிளம்பினோம்.

கம்பெனி டிரைவர் கருப்பையா பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. அலுவலகக் காகிதங்களைச் சுமந்துகொண்டு தினமும் நகரத்துக்குப் போய்வருபவர். அங்கே நக்கீல் கடைத்தெரு இருபத்தைந்து கிலோமீட்டர். பனியில் முக்கால் மணி நேரம் ஆயிற்று. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு இரண்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். ரேடியோவில் யாரோ அரபியில் தணிந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் யாழினி கண்ணாடியில் விரலால் இலை ஒன்று வரைந்தாள். அது வழிந்து போகும் வரைக்கும் நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

காலை எட்டேகால், நக்கீல்.

டைப்பிங் சென்டர் என்பது இங்கே ஒவ்வொரு தெருவிலும் இருக்கும் சின்னக் கடை. அரசாங்க விண்ணப்பங்களை அரபியில் அடித்துக் கொடுப்பார்கள். பக்கத்து டீக்கடையில் ஒன்றரை திர்ஹத்துக்கு கடக் சாயா என்கிற கெட்டித் தேநீர். எங்களுக்கு வழக்கமாகச் செய்து தரும் ஷைலஜா கண்ணூர்க்காரர். யாழினி பள்ளிச் சீருடையில் விசா புதுப்பிக்க வந்த காலத்திலிருந்து தெரியும்.

எங்கள் டோக்கன் எண் வரும் முன்பே யாழினியின் போன் அடித்தது. துபாய் நிறுவனத்திலிருந்து. பேசப் பேச அவள் முகம் சுருங்கியது. அவளுக்கு எடுக்கவேண்டிய விசா விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாம். காரணம், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருந்தது. யாழினி என்று மட்டும். குடும்பப் பெயர் எழுதும் கட்டம் காலி.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டோம். முன்பெல்லாம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது புது விசா என்றால் இரண்டு பெயர் கேட்கிறார்கள்.

ஷைலஜா திரையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். மகளுடையதையும் என்னுடையதையும் இன்றைக்கே சேர்த்து ரத்து செய்துவிட்டு இருவரும் ஊருக்குப் போய்விடலாம். அங்கே பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு அவள் புது விசாவில் பிறகு வரலாம். இல்லையென்றால் இங்கேயே துபாயில் பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை என் விசாவும் அப்படியே இருந்தாக வேண்டும்.

“முதல் வழி ஈஸி சார். ரெண்டு பேரும் ஒருமிச்சு போகலாமே” என்றார்.

எனக்குள் மெல்ல ஒரு சந்தோஷம் ஊறியது. உறையூர் வீட்டின் மாடி அறையில் அவள் படுத்திருப்பது, மொட்டைமாடியில் அவள் வைக்கப்போகும் செடிகள், வசந்தி கீழிருந்து கூப்பிடுவது, எல்லாம் ஒரு கணத்தில் கண்முன் வந்துவிட்டன. திரும்பினால் யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நீங்க சிரிக்கிறீங்க.”

நான் இல்லை என்றேன். வெளியே வந்து நின்றோம். பனி விலகி வெயில் தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்திருந்தது. நிறுவனத்துக்காரர்கள் இந்த மாதக் கடைசி வரைதான் காத்திருப்பார்களாம், ஊருக்குப் போனால் அந்த வேலை போனது போனதுதானாம். இதை அவள் ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்கு ஆங்கிலம்தான். வேலை ஊரிலும் கிடைக்கும், நம் ஊருக்குத் திரும்பிப் போவதில் என்ன தப்பு என்று கேட்டேன். அதற்குப் பதில் மட்டும் தமிழில் வந்தது.

“நீங்க திரும்பிப் போறீங்கப்பா. நான் எப்படித் திரும்பிப் போக முடியும்? நான் அங்கேருந்து வரவே இல்லையே.”

கருப்பையா பிக்கப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

அன்று மாலை.

வசந்திக்கு போன் செய்தேன். அவள் என் பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்திருந்தேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, தனக்கே இந்த ஊர் பழக ஒரு வருடம் பிடித்தது, அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றாள். வீட்டுக் கதவுகளுக்கு வார்னிஷ் அடித்திருக்கிறது, வாசனை போக எப்படியும் பத்து நாளாகும், மெதுவாக வாருங்கள் என்றும் சொன்னாள்.

மறுநாள் அலுவலகத்தில் உஸ்மானைப் பார்த்தேன். பணியாளர் விவகாரங்களைக் கவனிக்கும் சூடான் நாட்டுக்காரர். நெடிய மனிதர், எதையும் அவசரப்பட்டுச் சொல்லமாட்டார். அவரும் முதல் வழியைத்தான் சொன்னார். அதற்கான காகிதங்கள் மேசையில் தயாராகவும் இருந்தன. ஒரு கையெழுத்து போட்டால் சனிக்கிழமை திருச்சி. பேனாவைக்கூட என் பக்கம் திருப்பி வைத்தார்.

நான் பேனாவை எடுக்கவில்லை. மகளுக்காக மாதக் கடைசி வரை இருக்கிறேன் என்றேன். சொல்லிவிட்டுத்தான் அது என் குரல் என்று தெரிந்தது. உஸ்மான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தனக்கும் கார்ட்டூமில் இரண்டு மகள்கள் இருந்ததாகவும், இப்போது ஒருத்தி கெய்ரோவிலும் இன்னொருத்தி அதைவிடத் தூரத்திலும் இருப்பதாகவும் சொன்னார். விசா ரத்தை மாதக் கடைசி வரை தள்ளிப்போட ஒப்புக்கொண்டார். ஆனால் குவார்ட்டர்ஸை வியாழக்கிழமை காலி செய்தாக வேண்டும். ராஜ்கோட்காரரின் குடும்பம் வருகிறது.

யாழினிக்கு துபாய் அல் குசைஸில் தோழியின் அறையில் இடம் இருந்தது. எனக்கு? ஓட்டல் பார்க்கலாம் என்று வண்டியில் ஏறும்போது சொன்னேன். கருப்பையா கியரைப் போட்டார்.

“ஓட்டலாவது ஒண்ணாவது. நம்ம ரூம்ல சலீம் கட்டிலு காலியாக் கெடக்கு. லீவுல போயிருக்கான். பேசாம வந்து படுத்துக்கிருங்க சார்.”

புதன், ராஸ் அல் கைமாவிலிருந்து துபாய்.

காலை பஸ். ஆளுக்கு இருபத்தேழு திர்ஹம், ஏறத்தாழ நூற்றுப் பத்து கிலோமீட்டர். அன்றும் பனி. மின்பலகைகளில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி எழுத்துகள் எரிந்துகொண்டிருந்தன. உம் அல் குவைனைத் தாண்டும்போது சாலையின் இருபுறமும் மணலும் வானும் ஒரே நிறமாக இருந்தன. ஒட்டகங்கள் கால் இல்லாமல் மிதந்தன. பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்தவர்களும் தூங்குகிறவர்களைப் போலவே இருந்தார்கள்.

யாழினி இரண்டு நாளாக என்னுடன் சரியாகப் பேசவில்லை. பனி சற்றுக் கலைந்த ஓர் இடத்தில், மணல்மேட்டில் தனித்து நின்ற மரத்தைக் காட்டினாள். காஃப் மரம், தண்ணீருக்காக வேரை எவ்வளவு ஆழத்துக்கும் அனுப்பும், துபாயில் தன் முதல் வேலையே ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்தில் இந்த மரங்களை வைப்பதுதான் என்றாள். எனக்கு அந்த இலையைப் பார்த்த நினைவு. எங்கே என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பிறகு பிடிபட்டது. வன்னி. ஊரில் சிவன் கோயில்களில் நிற்குமே, அதே வன்னி. இத்தனை வருடம் ஜன்னல் வழியே பார்த்தும் நான் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சொன்னதும் போனில் தேடிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று அவள் தோளால் என் தோளை இடித்தாள். அதோடு சண்டை முடிந்தது.

பர் துபாயில் பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்கும் மையம் ஒரு கட்டடத்தின் உள்ளே ஜன்னல் இல்லாத கூடத்தில் இருந்தது. டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் நேரம் போவது தெரிவதில்லை. வெளியே பகலா என்பதே மறந்துவிடும். கைக்குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்க வந்தவர்கள், தொலைத்தவர்கள், திருமணமாகிப் பெயர் மாற்றுகிறவர்கள். நம் நாட்டின் எல்லா மொழிகளும் தாழ்ந்த குரலில் கலந்து ஒரே முணுமுணுப்பாகக் கேட்டன. புகைப்படம், கட்டணம், சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து நானூறு திர்ஹத்தை ஒட்டி ஆயிற்று.

எங்கள் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த பெண் குடும்பப் பெயராக எதைப் போடுவது என்று இந்தியில் கேட்டார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. வேறு எதுவும் போடலாமா என்று யாழினி கேட்டாள். வழக்கமாக அப்பா பெயர்தான், அம்மா பெயரும் போடலாம், சிலர் ஊர்ப் பெயர் போடுகிறார்கள் என்றார் அந்தப் பெண். யாழினி பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். எந்த ஊரைப் போடுவாள் என்று நானும் யோசித்தேன். அவள் குனிந்து என் பெயரை எழுதினாள். சிவராமன். கட்டத்துக்கு ஓர் எழுத்து.

வெளியே வரும்போது அவளாகவே சொன்னாள்.

“இங்க ஆபீஸ்ல எல்லாரையும் லாஸ்ட் நேம் வச்சுத்தான் கூப்பிடுவாங்க. நீங்க போனாலும் தினமும் யாராவது உங்க பேரைக் கூப்பிட்டுட்டே இருப்பாங்கப்பா. நான்தான் திரும்பிப் பார்ப்பேன்.”

ராஸ் அல் கைமா பஸ் அக்கரையில், தேராவிலிருந்து. அவள் ஏறவேண்டிய மெட்ரோவும் அந்தப் பக்கம்தான். நடுவில் இருக்கும் க்ரீக் என்கிற கடற்கழியைக் கடக்க அப்ரா என்கிற மரப்படகு, ஒரு திர்ஹம். பனி முழுதும் போய் வெயில் மஞ்சளாக இருந்தது. கடற்புறாக்கள் படகோடு கூடவே வந்தன. ஐந்தாறு நிமிடப் பயணம்தான். நடு நீரில் இஞ்சின் ஓசை சற்று அடங்கியபோது, இந்தப் படகு அப்படியே போய்க்கொண்டே இருக்கக்கூடாதா என்று தோன்றியது. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மடியில் புது மிக்சிப் பெட்டியை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவரும் அதையே நினைத்திருக்கலாம்.

வியாழன் முதல், கோர் குவைர் கேம்ப்.

என் குவார்ட்டர்ஸிலிருந்து கேம்புக்கு நடந்தால் பத்து நிமிடம். இத்தனை வருடத்தில் பொங்கலுக்கும் யாராவது இறந்த செய்தி கேட்டும் போயிருக்கிறேன். ஒரு நாளும் தங்கியதில்லை. நான்கு கட்டில், நான்கு இரும்பு அலமாரி, ஒரு ரைஸ் குக்கர். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் கயிறு கட்டி பெட்ஷீட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தத் துணிக்குள்தான் அவரவர் வீடு. எனக்குக் கிடைத்த சலீமின் வீட்டில் பச்சை நிறத் துணி. பகலில் அதன் வழியே வரும் வெளிச்சத்தில் குளத்துக்கு அடியில் படுத்திருப்பதுபோல் இருக்கும்.

எனக்கு டியூட்டி இல்லை. இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக இங்கே எனக்குப் போக ஓர் இடமில்லை. காலையில் எல்லோரும் போனபின் கேம்ப் முழுக்கத் துவைத்த சட்டைகள் மட்டும் காற்றில் ஆடும். நான் கடற்கரைக்குப் போவேன். கப்பல்கள் கல் ஏற்றிக்கொண்டு தாழ்ந்து தாழ்ந்து போய், பிறகு நகர்ந்து, பிறகு இல்லாமல் போகும். மலைகள் மதியத்தில் சாம்பலாக இருந்து சாயங்காலம் ரோஜா நிறத்துக்கு வரும். இவ்வளவு நாளும் அந்த நேரத்தில் நான் பரிசோதனைக் கூடத்து உலையின் முன் நின்றிருக்கிறேன். பார்த்ததே இல்லை. என்னை இன்னும் ரத்து செய்யவில்லை, ஆனால் இங்கே எனக்கு எதுவும் இல்லை. நடக்கும்போது காலடி ஓசைகூட வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு எல்லோரும் துணிக்குள் போய்விட்டார்கள். அடுத்த கட்டிலில் கருப்பையா ஸ்பீக்கரைப் போட்டு வீட்டுக்கு போனில் பேசினார். மகளுக்குக் கல்லூரியில் என்ன பாடம் என்று கேட்டார். அந்தப் பெண் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை கேட்டபோது நான் துணியை விலக்கி அது என்ன படிப்பு என்று சொன்னேன். அவர் மகளிடம், பக்கத்தில் நம்ம லேப் சார் இருக்கிறார், அவர் சொல்லிவிட்டார் என்று பெருமையாகச் சொன்னார். பேசி முடித்ததும் அவர் குரல் துணிக்கு அந்தப் புறத்திலிருந்து வந்தது.

“எம் மகள நான் வருசத்துக்கு ஒரு மாசம் பாக்குறேன் சார். நீங்க பொறந்ததுலேருந்து கூடவே வச்சிருந்திருக்கீங்க. இனிமே நம்ம ரெண்டு பேரும் ஒண்ணு.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கூட ஓர் ஆள் கிடைத்த திருப்தியில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. நான் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து பாஸ்போர்ட் வந்தது. புது எண்ணைப் பழைய விசாவோடு இணைக்க ஒரு நடை, நிறுவனத்தார் மறுபடி விண்ணப்பிக்க இரண்டு நாள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. உஸ்மான் என்னைக் காணும்போதெல்லாம் கேட்காமல் புருவத்தை மட்டும் உயர்த்துவார். நான் தலையை ஆட்டுவேன். யாழினியின் குரல் போனில் நாளுக்கு நாள் மெலிந்தது. விசா வராவிட்டால் உங்களோடு வந்துவிடுகிறேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். அதைக் கேட்கத்தானே காத்திருந்தேன்? கேட்டபோது இனிக்கவில்லை. வரும், பொறு என்றேன்.

செவ்வாய், நக்கீல்.

அனுமதி வந்துவிட்டது என்று காலையில் செய்தி. யாழினி துபாயிலிருந்து நேராக வந்தாள். கருப்பையா என்னைக் கொண்டுவந்து விட்டார். ஷைலஜா எங்களைப் பார்த்ததும் டோக்கன் இல்லாமலே கூப்பிட்டார்.

பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். பொறுப்பில் இருப்பவர் என்ற இடத்தில் அவள் பெயர். வசந்தியின் பெயர் போன வருடமே போய்விட்டது. ஷைலஜா அரபியில் அடித்துக்கொண்டே போனார். கடைசியில் நிமிர்ந்து கேட்டார்.

“கேன்சல் செய்யட்டே சார்?”

யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஊசி போடும் அறைக்கு வெளியே அப்படித்தான் பிடிப்பாள். அன்றைக்கு யார் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று தெரியவில்லை.

“செய்யுங்க” என்றேன்.

ஒரு சொடுக்கு. அச்சு இயந்திரம் ஒரு தாளைத் தந்தது. அன்றே துபாய் நிறுவனத்தின் அனுமதி அவள் பேரில் ஏறிவிடும், இனி மருத்துவச் சோதனையும் கைரேகையும்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று ஷைலஜா விளக்கினார். சொல்லிவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழ மிட்டாய் எடுத்து யாழினியின் கையில் வைத்தார். வெளியே வந்து அவள் ஒன்றைப் பிரித்துத் தின்றாள். இன்னொன்றை எனக்குத் தந்துவிட்டு, அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேகமாக நடந்தாள். அழப் பிடிக்காதவள். முதுகைப் பார்த்தே எனக்குத் தெரியும்.

என்னுடையது மறுநாள் அரை மணி நேரத்தில் முடிந்தது. உஸ்மான் பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்திட்டேன். அடையாள அட்டையை வாங்கி ஓர் உறையில் போட்டார். பிறகு எழுந்து வந்து என் தோள்மீது கை போட்டு வாசல் வரை நடந்தார். “கலாஸ், அபு யாழினி” என்றார். முடிந்தது, யாழினியின் அப்பாவே என்று அர்த்தம். மகளின் பெயர் அவருக்கு எப்படியோ நினைவிருந்தது.

வெள்ளி, ஷார்ஜா விமான நிலையம்.

மதியம் புறப்படும் விமானம். யாழினி தோழியின் காரை ஓட்டிக்கொண்டு வந்து கேம்ப் வாசலில் நிறுத்தினாள். கருப்பையா பெட்டிகளைத் தூக்கி வைத்தார். சலீமின் பச்சைத் துணியைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். அதை வாங்கிக்கொண்டு, ஊருக்கு வரும்போது திருச்சி ஏர்போர்ட்டில்தான் இறங்குவேன், வீட்டுக்கு வருகிறேன் சார் என்றார்.

வழியில் அவள் என்னைப் பேசவிடவில்லை. பள்ளிக்கூடத்து முற்றத்துக்கு மரங்கள் வந்து இறங்கிவிட்டன, லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு கிளை ஒடிந்துவிட்டது, பிழைத்துவிடும் என்று எதையாவது சொல்லிக்கொண்டே வந்தாள். நுழைவாயிலில் வண்டியை ரொம்ப நேரம் நிறுத்தவிடமாட்டார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டோம். பின்னால் ஒரு டாக்சி ஹார்ன் அடித்தது. “யல்லா, அப்பா, கிளம்புங்க” என்றாள். போய்விட்டாள்.

குடியேற்றக் கவுண்டரில் வெள்ளை உடையில் ஓர் இளைஞர். கணினியைப் பார்த்தார். கேன்சலா என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை வருடம் என்றார். சொன்னேன். அவர் பிறப்பதற்கு முன்பே நான் இங்கே வந்திருக்கிறேன் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. குடும்பம் எங்கே என்று கேட்டார். மனைவி அங்கே, மகள் இங்கே, அவளுக்குத் தனி விசா என்றேன்.

பாஸ்போர்ட்டை மூடி இரண்டு கையாலும் கொடுத்தார்.

“அடுத்த முறை மகளோட கெஸ்ட்டா வாங்க.”

விமானம் எழும்பியதும் ஜன்னலில் கடல், மணல், வெள்ளைக் கட்டடங்கள். வடக்கே மலைகள் நீலமாக, இருக்கின்றனவா இல்லையா என்று சொல்ல முடியாமல் நின்றன. எந்த மடிப்பில் கோர் குவைர் என்று தேடினேன். மேகம் வந்து மூடும்வரை தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை, திருச்சி.

வசந்தி விமான நிலைய வாசலில் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பிலிருந்து இன்னும் லேசாக வார்னிஷ் வாசனை வந்தது. யாழினி அழுதாளா என்று கேட்டாள். இல்லை என்றேன். நீங்கள் அழுதீர்களா என்று அவள் கேட்கவில்லை. உறையூருக்கு டாக்சி பேசி ஏறினோம்.

இங்கே சாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ்களும் ஆடுகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் தொட்டும் தொடாமலும் போனார்கள். அங்கே ஒரு கதவைத் தாண்டவும் சட்டைப் பையில் அட்டை இருக்கிறதா என்று கை தானாகத் தடவும். இங்கே யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் என் கை போய்ப் பையைத் தடவிவிட்டு வந்தது.

சுப்பிரமணியபுரம் தாண்டும்போது டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பெட்டிகளில் கட்டியிருந்த கயிற்றையும் சீட்டுகளையும் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

“துபாயா சார்? எத்தன நாள் லீவு?”

இருபத்தேழு வருடமாக இந்தச் சாலையில் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. முப்பது நாள், நாற்பது நாள், ஒரு முறை வெறும் ஆறு நாள். வாயைத் திறந்தேன். வசந்தி என் முழங்கையில் கை வைத்து முந்திக்கொண்டாள்.

“லீவெல்லாம் முடிஞ்சிருச்சுப்பா. வீட்டுக்கு வந்துட்டாரு.”